எண்ணப்பட்ட விரல்களும் எண்ணப்படாத கைகளும்

கோலார் தங்க வயலின் தொழில்நோய் வரலாறு பெரும்பாலும் நுரையீரலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயை 1940களின் எக்ஸ்ரே ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. அத்தூசியை எழுப்பிய துளைப்பொறியைப் பிடித்திருந்த கைகளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வந்தது; 1902இல் சிவசமுத்திரத்தின் மின்சாரம் வந்தது. அழுத்தக் காற்றால் இயங்கிய துளைப்பொறிகளைத் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் மிகப் பலர் தலித்துகள், பாறையோடு அழுத்திப் பிடித்தனர். அவ்வதிர்வு விரல்களின் நரம்பையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் மெல்ல மெல்லச் சிதைக்கும். அதிர்வின் வலிமை, பொறியைப் பிடிக்கும் நேரம், பிடியின் இறுக்கம் ஆகியவை கேட்டைப் பெருக்கும்.

இக்கேட்டை 1911இல் இத்தாலியில் லோரிகாவும், 1918இல் அமெரிக்காவின் இண்டியானாவில் கல் செதுக்குவோரிடையே ஆலிஸ் ஹாமில்டனும் பதிவு செய்தனர். இருவரும் கண்ட அடையாளம் விரல் வெளுப்பு. அதைத் தூண்டுவது குளிர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலோ கொதிக்கும் வெப்பம். அங்கே மரத்துப்போதலும் பிடி தளர்தலும் கண்ணுக்குப் புலப்படுவன அல்ல.

சட்டமும் புலப்படுவதையே எண்ணியது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் துண்டான கைக்கும் விரலுக்கும் விழுக்காடு வகுத்தது. அதன் நோய்ப் பட்டியலில் தொடக்கத்தில் இருந்தவை ஆந்த்ராக்ஸ், ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு மட்டுமே. மைசூர் சமஸ்தானமும் பின்னர் தனக்கென இழப்பீட்டுச் சட்டம் இயற்றிக்கொண்டது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்க வயல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கையின் ரேகை நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது. கையின் உணர்வு எந்தப் பதிவேட்டுக்கும் தேவைப்படவில்லை.

நோய் வேலையிழப்பாக மாறுவது உடலால் மட்டும் அன்று. ஒப்பந்தக்காரரின் கீழ் உழைத்தவருக்கு இலகுவான மாற்று வேலை கேட்கும் வலு இல்லை. லைன் வீடும் வேலையோடு பிணைந்திருந்தது. ஆகவே கை மரத்தவர் அதைச் சொல்லாமல் மறைப்பதற்கே காரணங்கள் மிகுதி.

பிரிட்டன் 1985இல் அதிர்வு வெண்விரலை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்றது. நரம்புக் கேட்டைத் தனியே அளக்கும் ஸ்டாக்ஹோம் அளவுகோல் 1987இல் வெளிவந்தது. 2001 பிப்ரவரி 28இல் தங்க வயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அளவுகோல் பிறந்தபோது அந்த வயலின் பெரும்பகுதி உழைப்பு முடிந்துவிட்டிருந்தது. ஆகவே ஆவணத்தில் நோய் இல்லாமையை உடலில் நோய் இல்லாமையாக வாசிப்பது வரலாற்றுப் பிழை.