கரன்ட் நின்ற பிறகு: உப்புக் கடற்கரையில் பிட்காயின் சுரங்கக் கருவிகளைக் கண்காணித்தல்

காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவ ஊர் பட்டினச்சேரி. நரிமணம் வயலின் இயற்கை வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்று 2000-ம் ஆண்டிலிருந்து திருமலைராயன்பட்டினத்தில் இயங்குகிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரியும் வாயுவைக் கொண்டே பிட்காயின் சுரங்கங்கள் நடந்திருக்கின்றன. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கரையும் அப்படி ஒரு இடமாகத் தோன்றலாம். ஆனால் வடக்கு டகோட்டாவில் கடல் இல்லை. இங்கே உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. அந்தக் காற்றில் ஒரு சுரங்கக் கருவியின் உடல்நலத்தை எப்படி அளப்பது? வழக்கமான கண்காணிப்பு தவறான நேரத்தைப் பார்க்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிட்மெயின் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த ஆன்ட்மைனர் எஸ்9 கருவியை எடுத்துக்கொள்வோம். மூன்று போர்டுகள், போர்டுக்கு 63 சிப்புகள். வினாடிக்குச் சுமார் 13.5 டெராஹாஷ் வேகம். ஏறக்குறைய 1,350 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 32 யூனிட். அத்தனையும் வெப்பமாகவே வெளியேறுகிறது. நடத்துபவர்கள் முதலில் பார்ப்பது பூலில் தெரியும் ஹாஷ்ரேட்டை, அதாவது கருவி வினாடிக்கு எத்தனை ஹாஷ் கணக்குகளைப் போடுகிறது என்ற எண்ணைத்தான். அது சரியாக இருந்தால் கருவியும் நலம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த எண் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பலரின் கருவிகளை ஒன்றுசேர்க்கும் பூல், செய்த வேலைக்குச் சான்றாக 65,536 கடினத்தில் ஷேர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்; வந்த ஷேர்களை எண்ணித்தான் அது வேகத்தைக் கணிக்கிறது. கடினம் 1-க்குச் சராசரியாக 429 கோடி ஹாஷ் தேவை. எனவே ஒரு ஷேருக்குச் சுமார் 281 லட்சம் கோடி ஹாஷ். எஸ்9-க்கு இது 21 வினாடி வேலை. பத்து நிமிடத்தில் 29 ஷேர் வரும். ஷேர்கள் தற்செயலாகவே விழுவதால், 29 ஷேரை வைத்துச் சொல்லும் வேகத்தில் 18 சதவீதத்துக்கு மேல் ஊசலாட்டம் இருக்கும். ஒரு முழு நாளின் நாலாயிரத்துச் சொச்சம் ஷேர்களைச் சேர்த்தால்தான் அது ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும். கருவியில் உள்ள 189 சிப்புகளில் ஒன்று செத்தால் ஏற்படும் இழப்போ அரை சதவீதம். ஊசலாட்டம் அந்த அளவுக்குச் சுருங்கவே எட்டு நாளுக்கு மேல் ஆகும். போர்டு முழுதும் போனால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் நோய் முற்றிவிட்டிருக்கும்.

கருவி தானே சொல்லும் வேகம் இதைவிடத் துல்லியமானது. அதைவிடவும் பயனுள்ளவை வேறு அளவுகள்: கருவி காட்டும் சிப் வரைபடத்தில் ‘ஓ’ என்றிருந்தது ‘எக்ஸ்’ ஆக மாறுவது, வன்பொருள் பிழைகளின் விகிதம், அதே அறைவெப்பத்தில் விசிறி முன்பைவிட வேகமாகச் சுற்றுவது, ஒரு டெராஹாஷுக்கு ஆகும் மின்செலவு. கருவியின் 4028 போர்ட் வழியாக இவற்றில் பலவற்றை நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துச் சேமிக்கலாம். ஒரு நாளின் எண்ணைவிட மூன்று மாதப் போக்கே மதிப்புள்ளது.

இத்தனையும் கருவி ஓடும்போது கிடைப்பவை.

கடற்கரையில் ஆபத்து வேறு நேரத்தில் வருகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 60 டிகிரியில் இருக்கும் போர்டின் பரப்பைத் தொடும்போது அங்கே ஒப்பு ஈரப்பதம் 17 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடுகிறது. அதாவது ஓடும் போர்டு தன் வெப்பத்தாலேயே தன்னைக் காய வைத்துக்கொள்கிறது. விசிறி இழுத்துவந்த உப்பு, தூசியோடு தூசியாக அங்கே சும்மா கிடக்கும். கரன்ட் போனதும் போர்டு ஆறுகிறது, உப்பு நீர்க்கிறது, செம்புத் தடங்களுக்கிடையே மின்கடத்தும் படலம் உருவாகிறது. மின்சாரம் திரும்பும்போது அந்தப் படலத்தின் மேல்தான் மின்னழுத்தம் ஏறுகிறது.

எஸ்9 போர்டில் சிப்புகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை; சைகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் செல்லும். நடுவே ஒன்று அறுந்தால் அதற்கு அப்பால் உள்ளவை தெரியாமல் போகும். கருவி தன் சிப்புகளை எண்ணுவது தொடக்கத்தில். ஆகவே மின்வெட்டுக்குப் பிந்தைய முதல் பதிவில் 63 இருக்கவேண்டிய இடத்தில் குறைந்த எண் நிற்கும். பழி பெரும்பாலும் மின்னழுத்த ஏற்றத்தின் மேல் போடப்படும். ஈரத்தின் பங்கை யாரும் அளந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் கருவி நின்ற கணத்திலேயே கண்காணிப்பும் நின்றுவிட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், காவிரி டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வடகிழக்குப் பருவமழையில், ஈரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் இந்த நீண்ட வெட்டுகள் வருகின்றன.

எனவே இங்கே கண்காணிப்புக்குத் தனி பேட்டரி வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத உணரி ஒன்றைப் போர்டின் அருகிலும் இன்னொன்றைக் காற்று நுழையும் வாயிலிலும் வைத்து, கருவி நின்றிருக்கும் நேரத்தையும் பதிவுசெய்ய வேண்டும். அறையில் செம்புத் தகடும் வெள்ளித் தகடும் தொங்கவிட்டு அரிப்பை அளக்கும் முறை ஏற்கெனவே உண்டு: மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ரமுக்குக் குறைவாக இருந்தால்தான் ஐஎஸ்ஏ தரம் அந்தக் காற்றின் அரிப்பை இலேசானது என்கிறது. போர்டருகே ஈரம் இறங்கும்வரை கருவிக்கு மின்சாரம் கொடுக்காமல் தடுக்கும் ஒரு ரிலே, எந்த ஹாஷ்ரேட் எச்சரிக்கையைவிடவும் அதிக போர்டுகளைக் காக்கும் என்றே கருத வேண்டியிருக்கிறது.

எண்ணெயில் மூழ்கடித்துக் குளிர்விக்கலாமே என்று கேட்கலாம். உப்பைப் பொறுத்தவரை அது நல்ல விடை. ஆனால் தொட்டி, எண்ணெய், வெப்பமாற்றி என்று முதலீடு பல மடங்காகும். இந்திய வரிச் சட்டம் அந்த முதலீட்டுக்கு இடம் தரவில்லை. 2022 ஏப்ரல் முதல் பிட்காயின் போன்ற மெய்நிகர் சொத்து வருமானத்துக்கு 30 சதவீத வரி. சுரங்கக் கட்டமைப்புச் செலவைச் சொத்தை வாங்கிய செலவாகக் கழிக்க முடியாது என்று அரசு அதே ஆண்டு மக்களவையில் தெளிவுபடுத்திவிட்டது. 2024 ஏப்ரலில் ஒரு தொகுதியை (பிளாக்) சுரங்கம் செய்பவருக்கான பரிசும் 3.125 பிட்காயினாகப் பாதியானது. செத்த போர்டின் விலை முழுவதையும் நடத்துபவரே சுமக்க வேண்டிய இந்த நிலையில், பேட்டரியோடு கூடிய இரண்டு உணரிகளும் ஒரு ரிலேவும்தான் அவரால் முதலில் வாங்க முடிந்த காப்பு.