வெக்கை நோய்: முதற்காவலை ஏய்த்த பகையின் வரலாறு

கொண்டச்சிக் குடா என்றவுடன் வரலாறு பயில்வோர் நெஞ்சில் முத்துக்குளிப்பே தோன்றும். ஆயினும், ஆண்டுதோறும் வாய்க்காத முத்தினும் மேலாக, மன்னார்க் கரையோர மக்களை நாடோறும் தாங்கிய செல்வம் ஆனிரையே. தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருளுண்டு. அச்செல்வத்தைப் பட்டியோடு வாரிச் செல்லவல்ல நோயாக விளங்கியது வெக்கை. கண்ணுக்குப் புலனாகா வைரசு ஒன்று உடலின் முதற்காவலை ஏய்த்தவாறும், இறுதியில் அது மனிதனால் வெல்லப்பட்டவாறும் அதன் வரலாற்றில் அடங்கும்.

வெக்கை கண்ட மாடு கடுங்காய்ச்சலுற்று, கண்ணீரும் மூக்குநீரும் வடித்து, வாய் புண்ணாகி, பெருங்கழிச்சலால் மெலிந்து, பெரும்பாலும் இரு வாரத்துள் மடியும். 18ஆம் நூற்றாண்டில் இந்நோய் ஐரோப்பாவை அலைக்கழித்தமை, 1761இல் லியோன் நகரிற் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். 1887 அளவில் ஆபிரிக்காவின் கிழக்குப் பகுதியிற் புகுந்து, பத்தாண்டுக்குள் தென்பகுதியை எட்டி, பல இடங்களில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு மாடுகளை மாய்த்துப் பஞ்சத்தையும் விளைத்தது. இந்தியாவில் மாட்டு நோய்களை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. 1889இற் பூனாவில் நிறுவப்பட்ட ஆய்வுகூடம் 1893இல் இமயச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது.

இத்துணைக் கொடுமைக்கு ஏது யாது? விலங்குடலுக்குக் காவல் இரண்டு. பிறவியிலேயே அமைந்தது முதற்காவல். பகையை ஒருமுறை கண்டபின் உருவாவது இரண்டாங்காவல். வைரசு புகுந்த கலம் இன்ரபெரோன் என்னும் பொருளைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கும். இதனை 1957இல் இலண்டனில் ஐசாக்சு, லிண்டன்மான் என்னும் இருவர் கண்டறிந்தனர். வெக்கை வைரசோ ஒரே பரம்பரையலகினின்று ‘பி’, ‘வி’, ‘சி’ என மூன்று புரதங்களை ஆக்குகின்றது. ‘சி’ புரதம் இன்ரபெரோன் உண்டாவதையே தடுக்கும். ‘வி’ புரதம், எச்சரிக்கையைக் கலத்தின் கருவுக்குக் கொண்டுசெல்லும் தூதுப் புரதங்களை மறிக்கும். பறைகொட்டுவோன் கையைக் கட்டிக் கேட்போன் செவியையும் அடைத்தால் ஊர் எங்ஙனம் விழிக்கும்? மேலும், காய்ச்சல் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே வைரசு வெளிப்படலாகும். நலமுடையதெனத் தோன்றிய மாடே சந்தைக்கும் வண்டிப்பாதைக்கும் நோயைச் சுமந்து சென்றது.

ஆயினும், இரண்டாங்காவலை வெல்லும் ஆற்றல் அதற்கில்லை. நோயிலிருந்து பிழைத்த மாடு மீண்டும் வாழ்நாளில் அந்நோயுறாது. வைரசைத் தாங்கித் திரிவதுமில்லை. கோமாரி வைரசும் முதற்காவலை ஏய்ப்பதே. ஆனால் அது ஏழு வகைப்படும். ஒரு வகைக்குரிய தடுப்பூசி பிறிதொரு வகையைத் தடுக்காது. வெக்கைக்கு அவ்வேறுபாடில்லை, ஒரே தடுப்பூசி எங்கும் பயன்பட்டது. 1920களில் முக்தேசுவரத்தில் எட்வேட்சு என்பார் வைரசை ஆடுகளிற் பலமுறை செலுத்தி வீரியங் குறைத்தார். 1960 அளவிற் கென்யாவிற் பிளௌறைற்று இழைய வளர்ப்பு முறையில் மேலும் சிறந்த தடுப்பூசியை ஆக்கினார்.

இலங்கை 1940களின் பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இந்நோயின்றி இருந்தது. 1987இல் இந்திய அமைதி காக்கும் படைக்கு இறைச்சிக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது மீண்டும் புகுந்தது என்பர். ஆடுகளில் இந்நோய் வெளித்தோன்றாது மறைந்திருத்தல் கூடும். போரால் நிலைகுலைந்திருந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு மாடிழப்பு இரட்டைத் துன்பமாயிற்று. தடுப்பூசியால் 1994இன் பின் நோய் இங்குத் தோன்றவில்லை. இந்தியாவில் 1995இலும், உலகில் 2001இற் கென்யாவிலும் இறுதியாகக் காணப்பட்ட வெக்கை, 2011இல் முற்றாக ஒழிந்ததெனச் சாற்றப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாம் நோய் இதுவே.

எனினும் வாளாவிருத்தல் தகாது. 2020இற் புதிதாய் மாட்டுத் தோற்கழலை நோய் இலங்கையின் வடபால் தோன்றியமை, கடல் நோய்க்கு வேலியன்று என்பதைக் காட்டிற்று. பகை எத்துணை வஞ்சகமாயினும் அதன் மெலிவிடம் ஒன்றுண்டு. அதனை ஆராய்ந்து அறிதலும், அறிந்ததைப் பட்டிதோறும் தடுப்பூசியாகக் கொண்டு சேர்த்தலும் ஒருங்கு நிகழ்ந்தபோதே வெற்றி வாய்த்தது. கற்றோரும் கால்நடை வளர்ப்போரும் கைகோத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.