எழுத்தும் ஓவியமும்: ஆனைமலைத் தொடரின் பாறைச் சான்றுகளும் நடு அமெரிக்க ஒப்புமையும்

கேரளத்து ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்வன மூன்றே. அவற்றுள் கபினி வயநாட்டிற்குரியது. பவானி பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியாகவும் தமிழகத்துள் புகுகின்றன. பாம்பாறு சின்னாற்றோடு கூடி அமராவதியாகிக் கரூரை நோக்கிச் செல்கிறது. சங்க நூல்கள் ஆன்பொருநை எனக் கூறும் ஆறு இதுவே. இவ்வாற்றின் தலைப்பகுதியாகிய மறையூர்ப் பள்ளத்தாக்கில் கற்பதுக்கைகளும் பாறை ஓவியங்களும் உள்ளன. கடைப்பகுதியில், கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர மன்னர் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அதில் காணும் பெயர்களைப் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு இணைத்து ஐராவதம் மகாதேவன் விளக்கியது தமிழ் வரலாற்றாய்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. ஓர் ஆற்றின் ஒரு முனையில் ஓவியமும் மறுமுனையில் எழுத்தும் காணப்படுவதால், இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது என்னும் வினா எழுகிறது.

மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைக் கொண்ட பகுதி அஞ்சுநாடு எனப்படும். மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த இப்பள்ளத்தாக்கில் தமிழே மக்களின் பேச்சுமொழி. முதுவரும் மலைப்புலையரும் இங்கு வாழும் பழங்குடியினர். கோயில்கடவில் பாம்பாற்றின் கரையை அடுத்த பாறைத் தளங்களில் கற்பதுக்கைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையை மூடுகல்லாகப் பரப்பி அமைத்தவை இவை. மண்ணைத் தோண்டிப் புதைக்காமல், வெறும் பாறையின் மீதே எழுப்பப்பட்டிருப்பது கருதத்தக்கது. மக்கள் இவற்றை முனியறை என்பர். பாண்டவர் மறைந்து வாழ்ந்த ஊராதலின் மறையூர் எனப் பெயர் பெற்றது என்ற கதையும் வழங்குகிறது. தமக்கு முந்தியோரின் ஈமச் சின்னங்களுக்கு முனிவரையும் பாண்டவரையும் உரிமையாக்குவது தென்னாடு முழுவதிலும் காணும் வழக்கமே. அருகிலுள்ள பழனிமலைப் பகுதியின் பதுக்கைகளை ஆங்கிலேத், நியூட்டன் என்னும் இரு ஏசுசபைத் துறவியர் ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. மலையின் இருபுறமும் ஒரே பண்பாடு பரவியிருந்ததை அந்நூலை மறையூர்ச் சின்னங்களோடு ஒப்பிடுவோர் எளிதில் உணர்வர். இன்றைய மாநில எல்லை அப்பண்பாட்டிற்குத் தெரியாத ஒன்று.

பதுக்கைகளைவிட மறையூரின் ஓவியப் பாறைகளுக்கு மக்கள் இட்ட பெயரே ஆய்வாளர் கருத்தை ஈர்ப்பது. சந்தனக் காட்டிற்குள் மானும் பிற உருவங்களும் தீட்டப்பட்ட ஒரு குகை எழுத்துக்குகை எனப்படுகிறது. அதன் பெயரைக் கேட்டுக் கல்வெட்டைத் தேடிச் செல்வோர்க்குக் கிடைப்பது ஓவியமே. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கோம்பைக் குறும்பரும் தம் ஊரை அடுத்த ஓவியப் பாறையை எழுத்துப்பாறை என்றே அழைக்கின்றனர். கல்லாதார் ஓவியத்தை எழுத்தென்று மயங்கினர் என இதற்கு விளக்கம் கூறுவது பிழையாகும். மயக்கம் அவர்களுடையதன்று.

தமிழில் எழுதுதல் என்பதற்குத் தீட்டுதல் என்ற பொருளும் தொன்றுதொட்டு உண்டு. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் கூறுமிடத்து எழுத்து என்ற சொல்லையே ஆள்கிறது. மகளிர் மார்பில் தொய்யில் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். தமிழகத்தில் இப்பொருள் தேய்ந்துபோகக் கேரளத்தில் அது உயிரோடு நிற்கிறது. தெய்யம் ஆடுவோரின் முகத்தில் வண்ணம் தீட்டுவது முகத்தெழுத்து. தரையில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரைவது களமெழுத்து. எழுத்துக்குகை என்னும் பெயர் இம்மரபைச் சார்ந்தது. வரிவடிவத்தைக் குறிக்கப் புதுச்சொல் தேடாத தமிழர், கோடிழுத்து உருவம் காட்டும் பழைய தொழிலின் பெயரையே அதற்கும் தந்தனர் எனக் கொள்ளலாம்.

இந்நிலையை நன்கு விளங்கிக்கொள்ள மெக்சிக்கோ, குவாத்தமாலா முதலிய நாடுகளின் பண்டை நாகரிகங்கள் துணைபுரிகின்றன. மாயா மொழியில் த்சீப் என்ற சொல் எழுதுதலையும் தீட்டுதலையும் ஒருங்கே குறிக்கும். ஆசுத்தெக்கரின் நாவா மொழியில் தலாக்குயிலோ என்பவர் ஓவியரும் எழுத்தரும் ஆவார். இவ்வொப்புமையைக் கொண்டு இரு நாட்டார்க்கும் உறவு கற்பித்தல் கூடாது. 1940இல் சமன்லால் எழுதிய இந்து அமெரிக்கா என்னும் நூல் தொடங்கி, மயனுக்கும் மாயாவுக்கும் பெயரளவிலான ஒலி ஒற்றுமையை வைத்து எழுப்பப்பட்ட கோட்டைகள் பல. அவற்றுள் ஒன்றேனும் அகழாய்வுச் சான்றின் மீது நிற்கவில்லை. தொடர்பற்ற இரு மக்கள் ஒரே முறையில் சொல்லமைத்தனர் என்பதே இவ்வொப்புமையின் மதிப்பு. தொடர்பு இருந்திருப்பின் அது வெறும் கடன்சொல் ஆராய்ச்சியாக முடிந்திருக்கும்.

மாயா எழுத்துகள் படிக்கப்பட்ட கதை தமிழாய்வாளர் அறியவேண்டிய ஒன்று. 1562இல் யுகாத்தானின் மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்னும் பாதிரியார் மாயா ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியவை நான்கே. ஆயினும் அதே லாந்தா, மாயா எழுத்துகளுக்கு இசுப்பானிய நெடுங்கணக்கின்படி ஒலி கேட்டறிந்து ஒரு பட்டியலும் எழுதி வைத்தார். அது 19ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டபோது, தனியெழுத்துப் பட்டியல் என்று கருதிப் படிக்க முயன்றோர் தோற்றனர். 1952இல் உருசிய அறிஞர் யூரி நோரோசோவ், அப்பட்டியல் தனியொலிகளையன்றி அசைகளையே தருகிறது எனக் காட்டினார். எரிக் தாம்சன் போன்ற பெரும்புலமையாளர் அதனை ஏற்கவில்லை. 1960இல் தத்தியானா புரோசுக்குரியாகோவ், பியெத்ராசு நெக்ராசு நடுகற்களில் உள்ள நாட்குறிப்புகள் ஓர் அரசனின் பிறப்பு, ஆட்சியேற்பு முதலியவற்றைக் குறிப்பன என நிறுவினார். வானநூலும் வழிபாடும் மட்டுமே பேசுவதாகக் கருதப்பட்ட கற்கள் மனிதர் வரலாற்றைப் பேசத் தொடங்கின.

தமிழகத்தில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று இடுக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வைகைப் பள்ளத்தாக்கில் நடந்தது. ஐங்குறுநூற்றின் 352ஆம் பாடல் எழுத்துடைய நடுகல்லைக் குறிப்பிடுகிறது. சங்க காலத்து நடுகல் ஒன்றும் கிடைக்காத நிலையில் அங்குள்ள எழுத்து என்ற சொல்லை வரிவடிவம் எனக் கொள்வதா, தீட்டிய உருவம் எனக் கொள்வதா என ஐயுறுவதற்கு இடமிருந்தது. மேலே கண்டவாறு சொல் இரு பொருளுக்கும் இடந்தருவது. எனவே இலக்கியத்தை மட்டும் கொண்டு இதனைத் தீர்க்க இயலாது. 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில் வீழ்ந்த அந்தவன் என்பானைக் குறிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில், குமுளி மலைப்பாதையின் அடியில், இன்றும் கூடலூர் என ஓர் ஊர் உண்டு; அதுவே இஃது எனக் கருத இடமுண்டு. கற்களில் வீரனின் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உள்ளது. இவற்றின் காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும் கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. பியெத்ராசு நெக்ராசில் மன்னன் உருவமும் அவன் வரலாறும் ஒரே கல்லில் இணைந்து நிற்க, இங்கு ஆகோளில் இறந்த ஓர் எளிய வீரனுக்கு உருவமின்றி எழுத்து மட்டும் கிட்டியிருப்பது சிந்தனைக்குரியது. மாயா நாட்டில் எழுத்து பெரிதும் அரசவையின் உடைமை. வைகைக் கரையில் அது ஆநிரை மேய்க்கும் ஊரிலும் வழங்கியது.

பழனியை அடுத்த மலையடிவாரத்துப் பொருந்தல் அகழாய்வு இதற்கு வலுவூட்டுகிறது. கா. இராசன் தலைமையில் அங்கு அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில் தமிழ்ப் பிராமி பொறித்த பிரிமனையும், நெல் நிறைந்த நான்கு கால் சாடியும் கிடைத்தன. அந்நெல்லின் கரிமக் கணிப்பு கி.மு. 490 எனக் காட்டிற்று. ஒரே கணிப்பைக் கொண்டு தமிழ்ப் பிராமியின் காலத்தை முன்தள்ளலாகாது எனத் தயங்கியோர் உண்டு, அத்தயக்கம் முறையானதே. பின்னர் மற்றொரு மாதிரி கி.மு. 450 என்ற காலத்தைத் தந்தது. பதுக்கை எடுத்த மக்கள் எழுத்தறிவு அற்றவர் என்னும் பழைய கருத்து மலையடிவாரத்தைப் பொறுத்தவரை இனி நில்லாது.

இதிலிருந்து தாவி, மறையூர் ஓவியங்களையும் எழுத்தெனப் படிக்கலாம் என்று முடிவுசெய்வோர்க்குக் கொடுமணல் ஒரு தடையாக நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற பெருவழியில், நொய்யலாற்றின் கரையில் அமைந்த அவ்வூரில் குறியீடு பொறித்த ஓடுகளும் தமிழ்ப் பிராமி ஓடுகளும் மிகுதியாகக் கிடைத்தன. சில ஓடுகளில் ஆட்பெயரும் குறியீடும் அடுத்தடுத்து உள்ளன. பெயரை எழுத்தால் எழுதத் தெரிந்தவரே குறியீட்டையும் இட்டனர் எனின், அவர்தம் கருத்தில் இரண்டும் வேறுவேறு பணிக்குரியன. குறியீடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு பி. பி. இலால் 1960இல் ஒப்பிட்டார். தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் சிந்துவெளி எழுத்தைத் தெளிவாகப் படிப்போர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தது. வடிவ ஒப்புமை ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது என்பதற்கு லாந்தாவின் பட்டியலே போதிய சான்று. மாயா எழுத்தைத் திறந்தவை தெரிந்த மொழி, நாட்கணக்கு, ஆயிரக்கணக்கான பொறிப்புகளின் முழுத் தொகுப்பு ஆகிய மூன்றும் ஆகும். மறையூர்க் குகைக்கு முதல் இரண்டும் இல்லை. மூன்றாவதை உண்டாக்குவது நம் கையில் உள்ளது.

அதற்கும் காலம் குறுகி வருகிறது. செங்காவியும் வெண்மையும் கொண்டு தீட்டிய உருவங்கள் மழைநீர் ஒழுக்காலும் பாறையில் தம் பெயர் எழுதிச் செல்வோராலும் மறைகின்றன. பின்னதும் ஒருவகை எழுத்தே; முன்னைய எழுத்தின்மேல் எழுதப்படுகிறது. பதுக்கைகளில் மூடுகல் சரிந்தவையும், சுவர்ப்பலகை பெயர்ந்தவையும், வேலிக்கும் வரப்புக்கும் கல்லாகிப் போனவையும் பல. புலிமான்கோம்பைக் கற்களும் குலைந்த ஈமக்காட்டிலிருந்தே கிடைத்தன. அந்தவனின் பெயர் பிழைத்தது. அக்கல் எந்தப் பதுக்கையின் அருகில் நின்றது, அப்பதுக்கையில் என்ன வைக்கப்பட்டிருந்தது என்பவற்றைக் காட்டும் சூழல் பெரிதும் அழிந்துபோயிற்று. மறையூரில் அச்சூழல் பல இடங்களில் இன்னும் பாறையின்மேல் வெளிப்படையாக நிற்கிறது. ஒவ்வொரு பதுக்கையின் திசை, அளவு, இடுதுளையின் இருப்பு ஆகியவற்றையும், அதனருகில் உள்ள ஓவியங்களையும், முதுவரும் மலைப்புலையரும் அவ்விடங்களுக்கு வழங்கும் பெயர்களையும் ஒருசேரப் பதிவு செய்தல் அகழ்கருவி வேண்டாத பணி.