கொல்லைக் கொய்யாவும் கண்ணாடிப் புட்டியும்

பிழைப்பு நாடித் தலைநகர் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடியவை புழுங்கல் அரிசியும், காப்பிக் கொட்டையும், தமிழ் பேசும் அண்டை வீடும் ஆகும். தேடாமலே கிடைத்தது ஒன்றும் உண்டு. அரசு ஊழியர் குடியிருப்பின் கொல்லையில் நமக்கு முன்பே வேரூன்றி நின்ற பழமரமே அது. கொய்யா, நாவல், முசுக்கட்டை, எலுமிச்சை என வீட்டுக்கு வீடு மரம் வேறுபடும். முன்பு குடியிருந்தவர் எவரோ நட்டது. பின்பு வருபவர் எவரோ உண்ணப்போவது. இடையில் சில ஆண்டுகள் அதன் நிழலும் கனியும் நம்முடையவை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு வாய்த்தது ஒரு கொய்யா மரம். கிளிக்கும் அணிலுக்கும் போக மிஞ்சியதே கூடை கூடையாக வந்தது. அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்கள் கொல்லையிலும் கொய்யாவே. உதிர்ந்த பழங்கள் மண்ணில் அழுகுவதைக் காணப் பொறாமல், 'ஜாம் காய்ச்சினால் என்ன?' என்று எம் இல்லத்தரசியார் ஒருநாள் கேட்டார். எளிய அடுப்படி வேலை என்று எண்ணித் தொடங்கியது, எங்களை நெடிய வரலாறு ஒன்றினுள் இழுத்துச் சென்றது. அவ்வரலாற்றைத் தமிழன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சர்க்கரையின் பிறந்தகம்

ஜாம் என்றவுடன் அதனை வெள்ளைக்காரர் வீட்டுப் பண்டமாகவே நாம் கருதுகிறோம். ரொட்டியும் ஜாமும் அவர்களோடு வந்தவை என்பது உண்மையே. ஆயினும் ஜாமின் உயிர் சர்க்கரை. அச்சர்க்கரையின் பிறந்தகமோ நம் நாடு.

அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனான நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இந்தியாவில் உண்டு என்று கி.மு. நான்காம் நூற்றாண்டில் வியந்து கூறினான். கௌடலியரின் அர்த்தசாத்திரம் கரும்பிலிருந்து கிடைக்கும் பொருள்களைப் பாணிதம், குடம், மத்ச்யண்டிகை, கண்டம், சர்க்கரை என வகைப்படுத்துகிறது. இவற்றுள் சர்க்கரை என்னும் சொல்லே அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்து 'சுகர்' ஆயிற்று. கண்டம் 'கேண்டி' ஆயிற்று. கி.பி. 647-இல் சீனத்துத் தாங் மரபுப் பேரரசர் தாய்ட்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாறு குறிக்கிறது.

தமிழகத்துக்கு இத்தொடர்பு புதிதன்று. தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்த பெருமையை ஔவையார் புறநானூற்றின் 99-ஆம் பாடலில் போற்றுகிறார். இன்று ஊர்தோறும் விளையும் கரும்பையே ஒருகாலத்தில் வெளியிலிருந்து வந்த விருந்தாளியாக நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தேனும் பாகும்

பழத்தை இனிப்பில் இட்டுக் காக்கும் கலை மிகப் பழையது. உரோமானியர் மார்மெலோ என்னும் புளிப்பும் துவர்ப்பும் மிக்க பழத்தைத் தேனில் ஊறவைத்தனர். அப்பழத்தின் போர்த்துகீசியப் பெயரிலிருந்தே 'மார்மலேடு' என்ற சொல் பிறந்தது. அரபு நாட்டினர் சர்க்கரைப் பாகில் பழத்தைக் காத்து 'முரப்பா' என்று வழங்கினர். தில்லியின் பழைய கடைவீதிகளில் நெல்லிக்கனியும் காரட்டும் இன்றும் அப்பெயரோடு கண்ணாடிச் சாடிகளில் மிதக்கக் காணலாம். வருங்காலம் உரைத்தவராகப் பெயர்பெற்ற நாஸ்ட்ராடாமஸ், பழங்களைச் சர்க்கரையிற் காக்கும் முறைகள் அடங்கிய நூல் ஒன்றை 1555-இல் வெளியிட்டார் என்பது பலர் அறியாத செய்தி.

நம் மருத்துவரும் இக்கலையை நன்கு அறிந்திருந்தனர். இலேகியம் என்பது என்ன? நெல்லிக்கனியை வேகவைத்து மசித்து, இனிப்பும் மருந்துச் சரக்கும் சேர்த்துப் பதமாகக் கிண்டி எடுப்பதே சியவனப்பிராசம்; சரக சங்கிதை அதனைக் கூறுகிறது. ஆராய்ந்து நோக்கின் அது நெல்லிக்கனி ஜாமே. பழனிப் பஞ்சாமிர்தமோ இன்னும் வியப்புக்குரியது. விருப்பாச்சி மலைவாழையோடு சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலம் சேர்த்துப் பிசைந்த அதில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை, அடுப்பிலும் ஏற்றுவதில்லை. ஆயினும் அது கெடாமல் இருக்கிறது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கெடாமைக்குக் காரணம் ஒன்றே. பழத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு நீர் வேண்டும். மிகுந்த சர்க்கரை அந்நீரைத் தன்னோடு கட்டிவைத்துக் கொள்கிறது. நீர் கண்முன் இருந்தும் அவற்றுக்குப் பருகக் கிடைப்பதில்லை.

இனிப்பின் பின்னே

இவ்வினிப்பின் வரலாற்றில் கசப்பும் உண்டு. ஐரோப்பியர் கரும்பை அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டுசென்று, ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் சர்க்கரையை மலிவாக்கினர். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களுள் நம்மவரும் இருந்தனர். 1834 முதல் மொரிசியசுக்கும், 1860-இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பலில் நேட்டாலுக்கும், பின்னர் பிஜித் தீவுக்கும் தமிழர் சென்றனர். பிஜித் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடியதை நாம் அறிவோம்.

1874-இல் பிரிட்டன் சர்க்கரையின் மீதிருந்த இறக்குமதி வரியை நீக்கியது. அதன்பின் செல்வர் மேசையில் இருந்த ஜாம் ஆலைத் தொழிலாளியின் ரொட்டிக்கும் வந்தது. நம் நாட்டில் பிறந்த சர்க்கரை, நம்மவர் வியர்வையும் கலந்து, உலகைச் சுற்றி, கண்ணாடிப் புட்டியில் நம்மிடமே திரும்பிவந்த கதை இதுவாகும்.

கொய்யா வந்த வழி

சர்க்கரை இங்கிருந்து சென்றது. கொய்யா அங்கிருந்து வந்தது. வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரிய அதனைப் போர்த்துகீசியர் நம் கரைக்குக் கொணர்ந்தனர். பேரிக்காயைக் குறிக்கும் 'பேரா' என்னும் தம் சொல்லால் அதனையும் அழைத்தனர். மலையாளத்தில் பேரக்கா, மராத்தியில் பேரூ, வங்காளத்தில் பேயாரா எனும் பெயர்கள் அதன் சுவடுகள். கோவாவில் கொய்யாக் கூழைச் சர்க்கரையோடு கட்டியாகக் கிண்டித் துண்டமிடும் இனிப்புக்குப் 'பெராடா' என்று பெயர். கடல் கடந்து வந்த மரம் அலகாபாத்தில் தழைத்து அவ்வூரின் பெயருக்கே அடைமொழி ஆயிற்று. ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றிய நம்மைப் போன்றோருக்கு இம்மரத்தின் மீது தனிப் பரிவு தோன்றுவது இயல்பே.

கற்றுக்குட்டிகளின் அடுப்பு

இனி எங்கள் அடுப்படிக்கு வருவோம். வட இந்தியாவில் கொய்யா ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். மழைக்காலக் காய்ப்பு நீர்த்த சுவையுடையது, புழுவும் மிகுதி. குளிர்காலக் காய்ப்பே மணமும் திண்மையும் உடையது. இதனை அறியாத நாங்கள், ஆவணி மாதத்தில் நன்கு கனிந்து குழைந்த பழங்களைக் கொண்டு தொடங்கினோம். சர்க்கரையைக் குறைத்துப் போட்டோம், எலுமிச்சை சேர்க்கவில்லை. ஜாம் இறுகவே இல்லை. பத்து நாளில் புட்டியின் மேல் பூஞ்சணம் பூத்தது. இரண்டாம் முறை, இறுக வேண்டும் என்ற அச்சத்தில் அளவுக்கு மீறிக் காய்ச்சினோம். கரண்டி உள்ளே இறங்க மறுத்தது. பிள்ளைகள் அதனைக் கமர்கட்டு என்று பெயரிட்டுத் தின்று தீர்த்தனர்.

இத்தோல்விகளுக்குக் காரணம் பின்னரே புரிந்தது. பழத்தில் பெக்டின் என்னும் பொருள் உண்டு. பிரெஞ்சு வேதியியலார் ஆன்றி பிராகொன்னோ 1825-இல் அதற்கு அப்பெயரிட்டார். உறையவைப்பது என்பது அதன் கிரேக்கப் பொருள். பெக்டின், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் உரிய அளவில் கூடினால்தான் ஜாம் உறையும். முதிர்ந்து இன்னும் முழுதும் கனியாத கொய்யாவில் பெக்டின் மிகுதி. குழைந்த பழத்தில் அது சிதைந்துவிடும். கொய்யாவின் புளிப்போ போதாது. எலுமிச்சைதான் அதனை ஈடுசெய்யும்.

அவ்வாண்டு மார்கழியில் எம் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் ஜாமைக் கண்டவரல்லர். ஆனால் தீபாவளி இலேகியமும் அதிரசப் பாகும் அவருக்குக் கைவந்தவை. அடுப்பருகே அமர்ந்து, "கரண்டியை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தா போதாதும்மா. கொதிக்கிற சத்தத்தைக் கேளு" என்று மருமகளிடம் கூறினார். உண்மைதான். நீர் மிகுந்திருக்கும்போது கூழ் சலசலவெனக் கொதிக்கிறது. வற்றிப் பதம் வரும்போது குமிழ்கள் கனத்துப் பொத்துப் பொத்தென வெடிக்கின்றன. அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார், பிரிவினையின்போது லாகூரிலிருந்து வந்தவர், குளிர்ந்த தட்டில் ஒரு துளி இட்டு விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். துளியின் மேல் சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். ஒருவருக்கு மற்றவர் மொழி தெரியாது. பதம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

புதிதாக முயல்வோருக்குப் பயன்படும் என்பதால் முறையைச் சுருங்கக் கூறுவோம். முதிர்காயும் பழமும் கலந்து எடுத்து, துண்டமிட்டு, சிறிது நீரில் வேகவைத்து, விதை நீங்கச் சல்லடையில் தேய்த்துக் கொள்க. ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோ சர்க்கரையும், இரண்டு எலுமிச்சையின் சாறும் போதும். அகன்ற பாத்திரத்தில், கைவிடாது கிண்டுக. இரண்டு கிலோவாகத் தொடங்கியது ஏறத்தாழ 1,600 கிராமாக வற்றும்போது பதம் வந்திருக்கும். வெப்பமானி இருப்பின், அவ்வூரில் நீர் கொதிக்கும் நிலைக்கு மேல் நாலைந்து டிகிரி என்பது கணக்கு. கடற்கரைச் சென்னையில் 105 டிகிரி வேண்டும். நீர் 93 டிகிரி அளவிலேயே கொதிக்கும் உதகையில் 98 போதும். புட்டிகளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, நன்கு உலர்த்தி, சூட்டோடு நிரப்பி உடனே மூடுக. ஈரக் கரண்டி ஒன்று போதும், உழைப்பெல்லாம் வீணாக.

இக்கலையைச் சுதந்திர இந்தியாவும் பேணியது. மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் தொடங்கியது. 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, ஜாமில் நூற்றுக்கு 45 பங்கேனும் பழம் இருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாணை 2011-இல் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளுக்கு வழிவிட்டபோதும், அந்த 45 பங்கு பெரும்பாலான பழங்களுக்கு நிலைத்து நின்றது. எங்கள் அடுப்படி ஜாமில் பழம் அதற்குக் குறைந்ததேயில்லை என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமை உண்டு.

மரம் யாருடையது?

ஆண்டுதோறும் தை மாதம் பன்னிரண்டு புட்டிகள் நிரப்பினோம். கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரசில் துணிக்கு நடுவே சுற்றி நான்கைந்து எடுத்துச் செல்வோம். ஊரிலிருந்து வற்றலும் ஊறுகாயும் தில்லிக்கு வருவதே உலக வழக்கு. எங்கள் வீட்டில் எதிர்த்திசையிலும் ஒரு சுவை பயணம் செய்தது. தில்லியைக் கண்டறியாத எம் பாட்டனார் அதனை நாவில் வைத்து, "உங்க வீட்டு மரமா?" என்று கேட்டார். ஆம் என்றோம். அஃது எங்கள் மரமன்று என்பது எங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நாளில் அரசிடம் சாவியை ஒப்படைத்தபோது மரத்தையும் ஒப்படைத்தோம்.

2016-இல் தென்தில்லியின் ஏழு அரசு குடியிருப்புகளை இடித்து உயர்ந்த கட்டடங்கள் எழுப்பும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல்லாயிரம் மரங்கள் வீழும் என்றறிந்த தில்லி மக்கள் 2018-இல் தெருவில் இறங்கி மரங்களைக் கட்டித்தழுவி நின்றனர். உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. புதிய வீடுகள் தேவை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு அத்தேவை நன்கு தெரியும். எனினும், பத்தாவது மாடியில் கொல்லை கிடையாது. நட்டவர் ஒருவர், உண்பவர் வேறொருவர் என்னும் அந்தப் பழைய உறவும் அங்கு கிடையாது.

எங்கள் மரம் இன்று நிற்கிறதா என்று பார்க்க நாங்கள் போகவில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டு வாசலில் கொய்யா ஒன்று நிற்கிறது, குடியிருப்பின் பொதுமரம். சென்ற ஆண்டு அவள் முதன்முறையாக ஜாம் காய்ச்சினாள். தொலைபேசியை அடுப்பருகே வைத்து, "அம்மா, சத்தம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். எம் இல்லத்தரசியார் கண்மூடிக் கேட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார்.

மரங்களை நம்மோடு எடுத்துச் செல்ல இயலாது. அம்மரங்களால் நாம் கற்றதை எடுத்துச் செல்லலாம். ஆதலின் வாழும் ஊர் எதுவாயினும், அங்கு காய்ப்பதைக் காக்கும் முறையை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். இடம் வாய்க்குமாயின், பின்வருபவர் உண்ணட்டும் என்று ஒரு மரமும் நட்டுவைப்போம்.