கீழ்பவானிப் பாசனத் திட்டம்

கீழ்பவானிப் பாசனத் திட்டம், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் தரும் அணையும் வாய்க்காலும் சேர்ந்த அமைப்பு. நாடு விடுதலை பெற்றபின் கையில் எடுக்கப்பட்ட முதல் பெரும் பாசனத் திட்டங்களில் ஒன்று. பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் 1948-ல் தொடங்கி 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் புறப்படும் வாய்க்கால், 124 மைல் ஓடி, கரூர் மாவட்டத்து மங்கலப்பட்டியில் முடிகிறது. கிலோமீட்டர் வந்து எத்தனையோ ஆண்டு ஆகியும் இந்த வாய்க்காலில் மைல் கணக்குதான் புழங்குகிறது. எந்த மைலில் கரை உடைந்தது என்றுதான் கேட்பார்கள்.

பவானிக்கு அணைக்கட்டு புதிதல்ல. நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பும் இந்த ஆற்றில், கொடிவேரி அணைக்கட்டிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் நெடுங்காலமாகவே பிரிகின்றன. பவானி காவிரியில் சேருமிடத்துக்குச் சற்று மேலே காலிங்கராயன் கட்டிய அணை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால் பாம்புபோல் வளைந்து வளைந்து நொய்யல் வரை போகிறது. இவை மூன்றும் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலங்களை நஞ்சையாக்கின. மேட்டில் இருந்த பெருந்துறை, சென்னிமலை, அரச்சலூர்ப் பக்கத்துக்குக் கிணறும் வானமுமே கதி. மாடு பூட்டிக் கவலை இறைத்தால் நனையும் நிலம் எவ்வளவோ அவ்வளவுதான் பயிர்.

இந்த மேட்டு நிலத்துக்கு ஆற்று நீர் வேண்டும் என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் விடாமல் வாதாடியவர் விடுதலைப் போராட்ட வீரர் எம். ஏ. ஈஸ்வரன். அணைக்கு அவர்தான் காரணம் என்பது கொங்கு நாட்டில் இன்றும் மறுப்பில்லாமல் சொல்லப்படுவது. அணை நீரில் மூழ்கிய பகுதியில் ஒய்சளத் தளபதி மாதவ தண்டநாயகனின் பெயரோடு சேர்ந்த டணாயக்கன் கோட்டையும் ஒன்று. கடும் வறட்சியில் அணை வற்றும்போது அங்கிருந்த கோயிலின் கல் மண்டபம் தலைகாட்டும். செய்தித்தாள்களும் தவறாமல் படம் போடும். ஊரை இழந்து போனவர்களைப் பற்றி அந்தக் கோயில் அளவுக்குக்கூட எழுதப்படவில்லை.

எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த மண் அணையின் நீர்மட்ட உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. வாய்க்கால் சமமட்டத்தை ஒட்டி வெட்டப்பட்டது. அதனால் ஒரு பக்கம் மட்டுமே பாயும். கரையில் நின்று பார்த்தால் பள்ளத்துப் பக்கம் நெல்லும் வாழையும் மஞ்சளும் தெரியும். மேட்டுப் பக்கம் பல இடங்களில் வேலமரமும் கொழுக்கட்டைப் புல்லும் முளைத்த மேய்ச்சல் காடு. நடுவில் இருப்பது ஒரு வாய்க்காலின் அகலம்தான்.

இந்தத் திட்டத்தின் தனித்தன்மை முறை வைத்துப் பாய்ச்சுவது. இரண்டு லட்சம் ஏக்கரும் ஒரே நேரத்தில் நெல் நட அணையில் நீர் கிடையாது. ஆகவே ஆயக்கட்டு சரிபாதியாக, 1,03,500 ஏக்கர் வீதம் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளும் ஒரு பிரிவு. மற்றவை இன்னொரு பிரிவு. ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை ஒரு பிரிவுக்கு நஞ்சைப் பயிருக்காக 24 டிஎம்சி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அடுத்த பிரிவுக்குப் புஞ்சைப் பயிருக்காக 12 டிஎம்சி. இதை நிறுத்தி நிறுத்தி, நனைப்புக் கணக்கில் விடுவார்கள். மறு ஆண்டு பிரிவுகள் இடம் மாறும். இந்த ஆண்டு நெல் விளைந்த வயலில் அடுத்த பாசன ஆண்டில் கடலையோ எள்ளோதான்.

கணக்கு கச்சிதமானது. தலைமதகில் விநாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாள் ஓடினால் ஏறக்குறைய 24 டிஎம்சி வருகிறது. அதை நெல் வயல் முழுக்கப் பரப்பினால் ஐந்தேகால் அடிக்கு மேல் நிற்கும். புஞ்சைப் பருவத்தின் அளவு அதில் பாதி. இரண்டு பருவத்துக்கும் சேர்த்து வேண்டிய 36 டிஎம்சி, அணையின் கொள்ளளவைவிட அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வாய்க்கால்களுக்கும் இதே அணையிலிருந்துதான் விட வேண்டும். அவற்றின் பாத்தியதை முந்தியது. மழை பொய்த்த ஆண்டில் முதலில் அடிபடுவது புஞ்சை நனைப்பு. நெல்லே போன ஆண்டுகளும் உண்டு.

பாசனத் திறன் பற்றிய அரசுத் திட்டங்கள் இந்த முறை வைப்புக்குப் பின் வந்தவை. அணை கட்டியாகிவிட்டது, நீர் வயலுக்குப் போய்ச் சேரவில்லை என்ற குறையைத் தீர்க்க, 1974-75-ல் மத்திய அரசு 60 பாசனத் திட்டங்களோடு ஆயக்கட்டு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மதகுக்குக் கீழே வயல் வாய்க்கால் அமைப்பது, நிலத்தைச் சமன்படுத்துவது, முறை வைப்பது ஆகியவை அதன் வேலைகள். கொங்கு உழவர் கொப்பு வாய்க்கால் என்று அழைக்கும் அந்தக் கடைசிக் கிளைக்கு அரசுப் பணம் வந்தது இந்த வழியில்தான். 2000-ல் தமிழ்நாடு இயற்றிய உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் பாசன சபைகளுக்குச் சட்ட உருவம் தந்தது. முறை எண்ணி மதகைத் திறந்து மூடியவர்களுக்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்கவில்லை.

திறனை எங்கே நின்று அளப்பது என்பதில்தான் தகராறு. இது மண் வாய்க்கால். தலைமதகில் விட்ட நீரில் கணிசமான பங்கு வழியிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. வாய்க்காலை மட்டும் அளந்தால் அது இழப்பு. ஆனால் இறங்கிய நீர் பள்ளத்துக் கிணறுகளில் ஊறுகிறது, ஓடைகளில் கசிந்து வருகிறது, முறை இல்லாத பருவத்தில் மஞ்சளையும் தென்னையையும் காக்கிறது. குடிநீருக்கும் அதுவே. ஆகவே ஆயக்கட்டை முழுதாக எடுத்துக்கொண்டால் இழப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இரண்டாம் முறை பயன்படும் நீர்தான்.

2020-ல் அரசு 709.60 கோடி ரூபாயில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளமும் பக்கச் சுவரும் போடும் நவீனமயத்தை அறிவித்தபோது கிணற்றை நம்பியவர்கள் எழுந்தது இதனால்தான். கடைமடைக்காரர்கள் வேலையை ஆதரித்தார்கள். நூறு மைலுக்கு அப்பால் இருப்பவருக்குப் பெருந்துறைக் கிணற்றில் ஊறும் நீரால் என்ன பயன்? உண்ணாவிரதம், எதிர் உண்ணாவிரதம் என்று ஒரே ஆயக்கட்டு இரண்டாகியது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு வேலை தொடங்கியது. போராட்டமும் பேச்சுவார்த்தையும் கூடவே நடந்தன.

கிணற்றுப் பாசன நிலங்களில் இப்போது சொட்டுநீர் பரவியிருக்கிறது. சிறு, குறு உழவர்களுக்கு மாநிலத்தில் முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் உண்டு. மத்திய அரசு 2015-ல் பிரதமர் பாசனத் திட்டத்தைத் தொடங்கி, 2025 ஏப்ரலில் அதன் கீழ் 1,600 கோடி ரூபாயில் ஆயக்கட்டு நவீனமயத் துணைத் திட்டம் ஒன்றுக்கும் ஒப்புதல் அளித்துள்ளது. வாய்க்கால் நீரை அழுத்தக் குழாய்கள் வழியே ஒரு ஹெக்டேர் வயல் வரை கொண்டுபோவது அதன் நோக்கம்.