சுழியோடியின் குதிகால் வார்

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடி கடலடிக்கு நீந்திச் சென்றானல்லன். கயிற்றிற் கட்டிய கல்லொன்றின்மீது காலை ஊன்றி, அதன் பாரத்தினாலேயே கீழே இறங்கினான். சிப்பிகளை வாரிக் கூடையிலிட்டபின் கயிற்றை அசைத்து அடையாளங் காட்டுவான். தோணியில் நின்றவன் இழுத்தெடுப்பான். 1905ஆம் ஆண்டின் பெருஞ் சலாபத்தில் ஏறக்குறைய 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அத்துணைச் செல்வமும் கல்லையுங் கயிற்றையும் நம்பியே கரைசேர்ந்தது. நீருள் மூழ்கியவனின் உயிர், மேலே கயிறு பிடித்தவனின் விழிப்பிலே தங்கியிருந்தது.

கயிற்றின் துணையின்றிக் கடலினுள்ளே விரும்பிய திசையிற் செல்லும் உரிமையை மனிதனுக்கு அளித்த சாதனங்களுள் ஒன்று துடுப்புக் காலணி. வாத்தின் பாதத்தை ஒத்த அக்காலணியிலே எவர் கண்ணும் முதலிற் செல்வது அகன்ற துடுப்பின்மீதுதான். ஆயினும் அதனைக் காலோடு பிணைப்பது குதிகாலைச் சுற்றிச் செல்லும் ஒரு வாராகும். அவ்வார் அறுமாயின் துடுப்பினாற் பயனில்லை.

நீந்துவோர்க்குத் துடுப்பமைக்கும் எண்ணம் பழையது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் பொரெல்லி, காலில் நகமுடைய அகன்ற பாதங்களை அணிந்த மூழ்காளர் ஒருவரைத் தம் நூலில் வரைந்து காட்டினார். அமெரிக்கப் பேரறிஞர் பென்சமின் பிராங்கிளின், சிறுவனாயிருந்தபோதே 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமுங்கொண்ட இரு பலகைகளைச் செய்து, அவற்றைக் கைகளிற் பிடித்து நீந்தினார். விரைவு கூடியது; மணிக்கட்டுகளோ களைத்தன. பின்னர் உள்ளங்கால்களில் ஒருவகை மிதியடியைப் பூட்டிப் பார்த்தார். அதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீரை உதைப்பது உள்ளங்கால் மட்டுமன்று, பாதத்தின் உட்புறமுங் கணுக்காலும் அதிற் பங்குகொள்கின்றன என்பதை அவர் கண்டார். வெறும் பலகையைக் காலிற் கட்டிவிட்டால் மட்டும் போதாது. காலின் அசைவோடு இயைந்து வளைவதும், உதைக்கும்போது நழுவாததுமான ஒரு பொருள் வேண்டியிருந்தது. அப்பொருள் இறப்பர்.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ 1914இல் தாம் அமைத்த துடுப்புகளைக் கடற்படையினர் முன்னிலையில் அணிந்து காட்டினார். 1924இற் படைச் சேவையை விட்டு, தம் முயற்சியிலே முழுமையாக ஈடுபட்டார். 1933இல் ஆக்கவுரிமை பெற்றார். 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பாய்ப்படகோட்டத்திற் பொற்பதக்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சேர்ச்சில், தாகித்தித் தீவிலே காலில் துடுப்பணிந்து நீந்தியோரைக் கண்டு ஊக்கமுற்றார் என்பர். அவர் கோர்லியூவின் இசைவுடன் இறப்பர்த் துடுப்புகளை ஆக்கி 1940இல் விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகமகாயுத்தம் மூண்டிருந்த காலம் அது. நேசநாடுகளின் கடற்படைகள் அவற்றை வாங்கித் தம் தவளை வீரருக்கு அணிவித்தன.

சேர்ச்சிலின் காலணியில் வாரும் துடுப்பும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தன. அது உறுதியான முறையே. ஆயினும் காலின் பருமனுக்கேற்ப வாரை இறுக்கவோ தளர்த்தவோ இயலாது. வார் அறுந்தால் புதியதை மாட்டவும் வழியில்லை. 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் முதுகிற் சுமக்கும் காற்றுக்கலத்துக்குரிய சுவாசக் கருவியை ஆக்கியபின், சுழியோடிக்குக் கைகள் வேலைக்கும் கால்கள் செலவுக்கும் என்றாயின. காலணியின் சிறப்பு பன்மடங்கு பெருகிற்று. 1952இல் இத்தாலியத் தவளை வீரர் லூயிஜி பெராரோ, வாரேயின்றிக் குதிகாலை முழுதும் மூடும் காலணியை வகுத்தார். வெப்பக் கடல்களில் வெறுங்காலுக்கு அது பொருந்திற்று. குளிர்க் கடல்களிலோ தடித்த பாதவுறையின்மேல் அணிவதற்குத் திறந்த குதிகாலும், கொளுக்கியால் நீட்டவுங் குறைக்கவும் தக்க தனி வாரும் வேண்டியிருந்தன. இவ்வாறு வார் தனியுறுப்பாயிற்று, பழுதடைந்தால் மாற்றத்தக்கதாயிற்று.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. பிறேசிலிலிருந்து வந்த விதைகளை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பித்து, அந்த இறப்பர்க் கன்றுகளை 1876இற் கொணர்ந்து நட்ட இடம் கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டமாகும். 1961இல் மைக் வில்சனும் அவர் துணைவரும், தென்கிழக்குக் கரைக்கப்பால், இராவணன் கோட்டை எனப்படும் பெரும் பாறைத்தொடரருகே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமிழ்ந்த கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டனர். நீரோட்டம் வலிய அத்தகைய இடங்களில் ஒரு காலின் துடுப்பை இழந்தவன் நிலை இடருக்குரியது. அவன் நேராகச் செல்லமாட்டான், முயற்சி மிகும், மூச்சு மிகும், முதுகிலுள்ள காற்று விரைந்து குறையும். ஒரு சிறு வாரின் பழுது இத்துணை விளைவை உண்டாக்கும்.

வார் ஒரு நொடியில் அறுவதுபோற் தோன்றினும், அதன் அழிவு நாட்கணக்கில் நிகழ்வதே. வெயிலும், காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் இறப்பரை உண்கின்றன. இழுபட்ட நிலையில் வைக்கப்பட்ட இறப்பரில், இழுத்த திசைக்குக் குறுக்காக மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதி வலிமையிழக்கும். ஆதலால் கடலிலிருந்து மீண்டதும் நன்னீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, வாரைத் தளர்த்தி வைத்தல் வேண்டும். நீரில் இறங்குமுன் வாரை வளைத்து, இழுத்து, கொளுக்கியை ஒட்டிய இடத்தை உற்று நோக்குதல் வேண்டும். வெடிப்பு ஒன்று தென்படினும் இரு வார்களையும் ஒருசேர மாற்றுதலே நன்று. ஒரே வயதினவாகிய இரண்டில் ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளர்ந்திருக்கும்.

புதிய வாரைத் தெரியும்போது நீளமும் அகலமும் மட்டும் ஒத்தாற் போதாது. கொளுக்கிகள் உற்பத்தியாளர்க்கேற்ப வேறுபடுவன. பழைய வாரை உடன் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குதலே தக்கது. கடலில் அணியும் பாதவுறையை அணிந்தே அளவு பார்த்தல் வேண்டும். மிக இறுக்கினால் காலிற் பிடிப்பு உண்டாகும். மிகத் தளர்த்தினால் உதைக்குந்தோறும் நழுவும். பிற்காலத்தே துருப்பிடியாத உருக்குச் சுருள்வில்லாலான வார்கள் வந்தன. அவை தாமே நீண்டு காலைப் பற்றுவதால் ஒவ்வொரு முறையும் இறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவற்றின் முனைகள் பொருந்தும் இடங்களையும் பார்த்தே ஆகவேண்டும்.

மன்னார்ச் சுழியோடிக்காகக் கயிற்றை ஒருவன் காவல்செய்தான். துடுப்பணிந்த சுழியோடி அக்கயிற்றினின்றும் விடுதலை பெற்றான். ஆனால் அக்காவலும் அவனிடமே வந்து சேர்ந்தது. தன் குதிகால் வாரைக் கரையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியவன் இன்று அவனே.