தண்டவாளம் போன வழியும் கோதுமை வந்த வழியும்

2010ஆம் ஆண்டின் இறுதியில், அகலப் பாதையாக மாற்றும் பணிக்காக மதுரை–போடிநாயக்கனூர் ரயில் நிறுத்தப்பட்டது. 2022இல் தேனிக்கும், அதற்கடுத்த ஆண்டில் போடிக்கும் அது திரும்பி வந்தபோது நிலையங்களில் திரண்டு நின்று கைகொட்டிய இளைஞர்களுக்கு, அப்பாதை முன்னரும் ஒருமுறை காணாமற் போயிருந்தது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. 1928இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. மலையில் விளைந்த ஏலமும் அடிவாரத்துப் பருத்தியும் அதில் ஏறி மதுரைக்குச் சென்றன. இரண்டாம் உலகப் போரின் நடுவே, போர்த் தேவைக்கென்று அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்த பிறகும் அவை உடனே திரும்பவில்லை. 1950களில்தான் மறுபடியும் இங்கே ரயிலின் ஊதல் கேட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குண்டும் விழுந்ததில்லை. எந்தப் பகைவர் படையும் சுருளி மலையடிவாரத்தில் கூடாரம் அடித்ததில்லை. ஆயினும் போர் இங்கே வந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிற்று. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசியின் வரவு நின்றது. அந்த அரிசியை நம்பிப் பழகிய சென்னை மாகாணம் திணறியது. பங்கீடு வந்தது, நெல் கொள்முதல் வந்தது. வங்காளத்திலோ 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அரசு அமைத்த விசாரணைக் குழுவே சுமார் 15 இலட்சம் பேர் மாண்டனர் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதை இரட்டிப்பாக மதிப்பிடுகின்றனர்.

போருக்குப் பிந்திய மறுசீரமைப்பு என்றதும் நம் பாடநூல்கள் ஐரோப்பாவைத்தான் காட்டும். அந்த வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் இருந்தது. அது எவ்வகையான இடம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

1943 நவம்பர் 9ஆம் நாள் வாஷிங்டனில், வெள்ளை மாளிகையில், நாற்பத்து நான்கு நாடுகள் கூடி, போரால் சிதைந்த மக்களுக்கு நிவாரணமும் மறுவாழ்வும் அளிக்க ஒரு பொது அமைப்பைத் தோற்றுவித்தன. 'அன்ரா' என்று அது சுருக்கமாக வழங்கப்பெற்றது. இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர் சர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். அதே வாரங்களில் கல்கத்தாவின் வீதிகளில் பிணங்களை அப்புறப்படுத்திக் கொண்டிருந்தார்கள். பகைவரிடமிருந்து மீட்கப்பட்ட நாடுகளுக்கே உதவி என்பது அன்ராவின் விதி. வங்காளத்தைப் பகைவர் பிடிக்கவில்லை. ஆகவே வங்காளத்தின் பசி அந்த விதிக்குள் அடங்கவில்லை! அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர் சிலரும் அவர்தம் நண்பர்களும் விடாது வாதாடியதன் பயனாக, 1944இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்தியாவுக்கும் உதவலாம் என்று ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. திருத்தம் ஏட்டில் நின்றது. தானியம் வந்து சேரவில்லை. மாறாக, இந்தியா தன் பங்காக அன்ராவுக்கு 8 கோடி ரூபாய் கொடுத்தது. விதிப்படி அதன் பெரும்பகுதி பணமாக அன்றி நம் நாட்டுச் சரக்குகளாகவே சென்றது.

கொடுத்தது தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரேக்க நாட்டுக் குழந்தையின் பசியும் பசிதான். ஆனால் கொடுக்கும் முடிவை எடுத்தது நம் மக்கள் அல்லர். நம்மை ஆண்ட அரசு. ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு காசுகளை ஆண்டவர் புகழ்ந்தார் என்று வாசிக்கிறோம். அவள் கையைப் பிடித்து வேறொருவர் அக்காசுகளைப் போடச் செய்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

1944 ஜூலையில் பிரெட்டன்வுட்ஸ் மாநாடு கூடியது. நம் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் இந்தியக் குழுவில் இடம்பெற்றிருந்தார். அங்கே பிறந்த உலக வங்கியின் முழுப்பெயரில் 'மறுசீரமைப்பு' முதலிலும் 'வளர்ச்சி' அதன் பின்னரும் நிற்கும். அந்த இரண்டாம் சொல்லுக்காகவே நம்மவர் அங்கு வாதிட்டனர். 1949 ஆகஸ்டில் அவ்வங்கி இந்தியாவுக்கு அளித்த முதற் கடன் 3 கோடியே 40 இலட்சம் டாலர். ரயில் எஞ்சின்கள் வாங்குவதற்காக அது தரப்பட்டது.

இதற்கிடையே அமெரிக்காவின் அயலுறவுக் கொள்கை தன் உருவை மாற்றிக்கொண்டது. பல நாடுகள் கூடிக் கொடுக்கும் அன்ரா கலைக்கப்பட்டது. 1947 ஜூனில் மார்ஷல் அறிவித்த திட்டத்தின்படி, 1948 முதல் 1952 வரை மேற்கு ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் சென்றது. அதில் பெரும்பகுதி திருப்பித் தரவேண்டாத கொடை. சோவியத்து நாட்டின் செல்வாக்கைத் தடுக்கும் நோக்கமும் அதில் இருந்தது என்பதை அமெரிக்கரே மறைத்ததில்லை.

நம் முறை 1951இல் வந்தது. மழை பொய்த்து, விளைச்சல் குன்றி, இந்தியா 20 இலட்சம் டன் தானியம் கேட்டது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதைக் கொடையாகவே தரப் பரிந்துரைத்தார். காங்கிரஸ் சபையிலோ மாதக்கணக்கில் வாதம் நீண்டது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவித்த ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து இந்தியா வாக்களித்திருந்தது. "நம்மோடு நில்லாதவர்க்கு நாம் ஏன் சோறிட வேண்டும்?" என்பதே பலரது வாதத்தின் உட்பொருள். வேறு சிலர், கோதுமைக்கு ஈடாக அணுசக்திக்குப் பயன்படும் மோனசைட் மணலைக் கேட்கலாமே என்றனர். நமக்குத் தெற்கே, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் மணல்தான் அது. அரசியல் நிபந்தனையோடு வரும் உணவை ஏற்பதற்கில்லை என்று நேரு அறிவித்தார். ஜூன் 15 அன்று சட்டமானபோது, கொடை கடனாக மாறியிருந்தது: 19 கோடி டாலர். ஐரோப்பாவுக்குக் கொடை, இந்தியாவுக்குக் கடன் என்னும் வேறுபாட்டை அன்று சுட்டிக் காட்டியோர் பலர்.

1954 ஜூலை 10ஆம் நாள் ஐசனோவர் கையொப்பமிட்ட பி.எல். 480 என்னும் சட்டத்தோடு கதை நம் ஊருக்குள் நுழைகிறது. அமெரிக்க உழவரின் மிகுவிளைச்சல் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்தது; அதை வெளியேற்ற வழி வேண்டும்; நட்பையும் சம்பாதிக்க வேண்டும். இந்தியா 1956 ஆகஸ்டில் முதல் உடன்பாட்டில் ஒப்பமிட்டது. 1960 மே மாதம் எஸ். கே. பாட்டீல் வாஷிங்டன் சென்று நான்காண்டுகளில் 170 இலட்சம் டன் தானியத்துக்கு உடன்பாடு கண்டார். விலையை ரூபாயிலேயே கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. இலவசப் பங்கீட்டுக்கான பகுதி தொண்டு நிறுவனங்களின் வழியே வந்தது. கேர் நிறுவனம் அவற்றுள் ஒன்று. கேத்தலிக் ரிலீஃப் சர்வீசஸ் மற்றொன்று. இரண்டாவது நிறுவனம் அமெரிக்க ஆயர்களால் 1943இல் போர் அகதிகளுக்காகத் தொடங்கப்பட்டு, 1946இல் இந்தியாவுக்கு வந்தது.

1956இல் காமராசர் தொடங்கிவைத்த பள்ளி மதிய உணவு, முதலில் ஊராரின் நன்கொடையில்தான் நடந்தது. 1961 முதல் கேர் அதற்குக் கைகொடுத்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, பல்கர் கோதுமை, எண்ணெய் ஆகியவை பள்ளிகளுக்கு வந்தன. மஞ்சள் நிற உப்புமாவின் மணம் என் தலைமுறையினர் எவருக்கும் மறக்காது. சிலருக்கு அது அமுதம். சிலருக்கு இன்றும் குமட்டல். இரு தரப்பாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டவர்களே.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் பூமி. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தாலும், 1895இல் பென்னிகுவிக் முடித்த அணையாலும் வந்த பெரியாற்று நீர் இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவிக்கிறது. அந்த வரப்புகளின் மேல் நடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் மத்தியானத்தில் அமெரிக்கக் கோதுமை உண்டார்கள். நாற்று நட்டவள் வீட்டில் நெல் தங்குவதில்லை என்பதே காரணம். அவள் வீட்டு உலையில் கேழ்வரகும் சோளமும்தான். வெளிநாட்டுத் தானியம் நம் நிலத்தின் குறையை மட்டுமன்று, நம் நிலவுரிமையின் குறையையும் சேர்த்தே மூடி மறைத்தது என்பது என் கருத்து.

மூட்டைகளின்மேல் இரு கைகள் பற்றிக் குலுக்கும் சின்னமும், அமெரிக்க மக்களின் கொடை, விற்பனைக்கன்று என்ற வாசகமும் இருக்கும். கோயில் வளாகத்தில் அவற்றைப் பங்கிட்ட குருக்கள் பசியைக் கண்டு பங்கிட்டார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் மாவுக்காக மதத்தில் இருப்பவர்கள் என்ற ஏச்சையும் நம் மக்கள் அதனோடு சேர்த்துச் சுமந்தார்கள். ஒரு வல்லரசின் கொள்கை தன் கைவழியே செல்கிறது என்பதை அன்றைய பங்குத்தந்தை ஒருவர் உணர்ந்திருப்பாரா? உணர்ந்திருந்தாலும், வரிசையில் நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், படைக்கலச் செலவில் ஒரு பகுதியை எல்லா நாடுகளும் சேர்த்து ஓர் உலக நிதியாக்க வேண்டுமென்று கேட்டார். கொடுப்பவர் இன்னாரென்று பெறுபவர் தலைகுனிய வேண்டாத ஏற்பாடு அது. அரசுகள் அதை ஏற்கவில்லை.

அடுத்த ஆண்டே கயிறு இறுகியது. 1965 முதல் ஜான்சன் அரசு கப்பல்களை மாதத்துக்கு மாதம் எண்ணி அனுப்பியது. வேளாண்மைக் கொள்கையை மாற்றச் சொன்னது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா குறைகூறியது இன்னொரு காரணம். உணவமைச்சராயிருந்த நம் சி. சுப்பிரமணியம் அந்நாட்களில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சருடன் பேசி உடன்பாடு கண்டதும், புதிய வித்துகளை வரவழைக்கத் துணிந்ததும் தனியே எழுதத்தக்க வரலாறு. தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு 1967 தேர்தலின் முடிவையே மாற்றியது. பிள்ளைகளுக்குச் சோறிட்ட காமராசரும் விருதுநகரில் தோற்றார்.

ரூபாயில் கொடுத்த விலை அமெரிக்காவின் பெயரில் இந்தியாவிலேயே மலைபோல் குவிந்திருந்தது. 1974 பிப்ரவரியில் தூதர் மொய்னிகன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையை இந்திய அரசிடம் கொடுத்து, கணக்கின் பெரும்பகுதியை முடித்துவைத்தார். உலகிலேயே பெரிய காசோலை என்று அப்போது பேசப்பட்டது. கம்பத்திலும் சின்னமனூரிலும் அதனை அறிந்தவர் எத்தனை பேரோ! 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பள்ளி அடுப்பில் ஏறியது அரிசி. கைச்சின்னம் போட்ட துணிப்பை ஒன்று அப்போதும் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அம்மா அதில் உளுந்து கட்டி வைத்திருந்தார்.